மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைத்த தமிழ்க் கப்பல் மணி: பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது

செம்புப்பானை | திங்கள், இரவு 11:20

வணக்கம். வேறு எதையோ தேடப்போய் இணையத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது. இரண்டு நாளாக அதே நினைப்புதான். இங்கே சொன்னால் புரிந்துகொள்ள ஆள் இருக்கும் என்று எழுதுகிறேன்.

ஒரு வெண்கல மணி. முழுசாகக்கூட இல்லை, உடைந்துபோய் மேல்பாகம்தான் மிச்சம். ஒரு சாண் உயரம் இருக்காது. அதைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. படத்தைப் பெரிதாக்கினால் தமிழ்! மணி இருப்பதோ நியூசிலாந்தில், வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில்.

1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்று ஒரு மிஷனரி. அச்சு வேலைக்காக இங்கிலாந்திலிருந்து அங்கே போனவர். வடக்குத் தீவில் ஃபாங்கரே பக்கம் போனபோது, மாவோரிப் பெண்கள் இந்த மணியைத் தலைகீழாக வைத்து, தண்ணீர் ஊற்றி உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, ஒரு புயலில் பெரிய மரம் சாய்ந்தது, வேருக்கடியில் இருந்தது என்றார்களாம். ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக்கொண்டார்.

எழுத்தை இப்படிப் படித்திருக்கிறார்கள்: "முகைய்யதீன் வக்குசு உடைய கபல் உடைய மணி."

என்னை ஏன் இது இப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்கிறேன். எங்கள் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தவர். பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார். இப்போது மெஷின் வந்துவிட்டது. அப்போது சின்ன உளியும் சுத்தியும்தான். சீர் வரிசைப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். அப்பா குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் உளியை நகர்த்தி நகர்த்திப் புள்ளிபுள்ளியாக எழுத்தை இறக்குவார். ஒரு கொம்பு சுழிக்கவே இருபது தட்டு விழும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அது 'க'வா 'சு'வா என்று கடைசிப் புள்ளி வரை ஊகித்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பாட்டி பெயர் போட்ட பித்தளைச் செம்பு இருக்கிறது.

பெயர் வெட்டிய பாத்திரம் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எழவு வீட்டுக்குப் போனாலும் திரும்பி வந்துவிடும் என்பார் அப்பா. இந்த மணியிலும் இன்னாருடையது என்று எழுதியிருக்கிறது. ஆனால் அது திரும்பி வரவில்லை. யாரோ ஒரு வீட்டுச் சமையலில் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுப்பில் தலைகீழாக இருந்தபோது அந்த எழுத்தும் தலைகீழாகத்தானே தெரிந்திருக்கும்? அந்தப் பெண்கள் அதை என்னவென்று நினைத்திருப்பார்கள்?

உங்களுக்கெல்லாம் இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?

கடாரப்படை | திங்கள், இரவு 11:48

உடம்பு சிலிர்க்குதுங்க! தாஸ்மன் 1642-ல போனார், குக் 1769-ல போனார்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். அதுக்கெல்லாம் முன்னாடியே நம்ம ஆளு போயிருக்கான். 500 வருஷப் பழமைன்னு ஒரு இடத்துல போட்டிருக்கே. நியூசிலாந்தை முதல்ல பார்த்தது தமிழன்னு சொல்றதுக்கு இதைவிட என்ன வேணும்? இதையெல்லாம் நம்ம பிள்ளைங்க பாடத்துல வைக்கணும்.

வெலிங்டன்வாசி | செவ்வாய், காலை 5:10

இங்கே பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் மகனை அழைத்துப் போனபோது கண்ணாடிக்குள் நேரிலேயே பார்த்தேன். படத்தில் தெரிவதைவிடச் சின்னது. நான் சன்னமாக வாய்விட்டுப் படித்தேன். "உடைய" என்ற சொல்லில் குரல் உடைந்துவிட்டது. ஊரை விட்டு வந்து எவ்வளவோ தமிழ் கேட்கிறோம், படிக்கிறோம். அந்த மூன்று எழுத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை.

கடாரப்படை, ஒன்று மட்டும் அன்போடு சொல்கிறேன். குக்குக்கும் தாஸ்மனுக்கும் முந்நூறு ஆண்டுக்கு மேல் முன்பே, ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மாவோரி மக்களின் முன்னோர் தோணிகளில் வந்து குடியேறிவிட்டார்கள். மணியை மரத்தடியில் எடுத்தவர்களும் அவர்கள்தான். இந்த நாட்டை முதலில் பார்த்தவர்கள் என்றால் அது அவர்கள். இங்கே வாழ்கிறவனாக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏட்டு வாத்தியார் | செவ்வாய், காலை 8:35

செம்புப்பானை, நல்ல இழை தொடங்கினீர்கள் அம்மா. தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், சுவடி படிக்கிற பழக்கம் உண்டு. அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"வக்குசு" என்று இருப்பது "பக்ஷ்" என்ற பாரசீகச் சொல். கொடை, அருளியது என்று பொருள். முகைதீன் பக்ஷ் என்றால் முகைதீன் அருளியவன். 'ப' எப்படி 'வ' ஆனது? Bank என்று ஆங்கிலேயர் சொன்னதை நாம் வங்கி என்கிறோம் அல்லவா, அதே வழிதான். அயற்சொல்லின் முதலில் வருகிற அந்த அழுத்தமான ஒலிக்கு நம் வாயில் 'வ' இதமாக உட்காருகிறது. கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து நின்றால் தமிழ் நாக்குக்கு ஆகாது, ஆகவே நடுவிலும் முடிவிலும் உகரம் போட்டுப் பிரித்து "வக்குசு" ஆக்கிவிட்டார்கள். படித்த புலவர் செய்த வேலை இல்லை இது. துறைமுகத்தில் பேசிய பேச்சு அப்படியே உலோகத்தில் ஏறியிருக்கிறது. "கப்பல்" ஒரு ப் குறைந்து "கபல்" ஆனதையும் அந்தக் கணக்கில்தான் வைக்கிறேன்.

காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எழுத்தின் பழைய வடிவத்தை வைத்து 500 ஆண்டு என்று சொன்னவர்கள் உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டு என்று கீழே இறக்குகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது பக்கம்தான் மனம் சாய்கிறது.

இன்னொன்று. மணி போயிற்று என்பதால் மணிக்கு உரியவரும் போனார் என்று ஆகாது. கொள்ளையடிக்கப்பட்ட கப்பலின் மணி வேறொரு கப்பலில் ஏறியிருக்கலாம். ஆளில்லாமல் மிதந்த கப்பல் கரை ஒதுங்கியிருக்கலாம். உலோகம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

நாகூர்த் தம்பி | செவ்வாய், மதியம் 1:15

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். இந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு எங்க வாப்பாவோட வாப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அவங்க எதை எடுத்தாலும், கனமான சாமானைத் தூக்கினாலும், "யா முகைதீன்"னுதான் தூக்குவாங்க. முகைதீன் ஆண்டவர்னா பாக்தாதுல அடங்கியிருக்கிற அப்துல் காதிர் ஜீலானி. எங்க கடற்கரை ஊர்கள்ல, நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம், எங்க போனாலும் வீட்டுக்கு ஒரு முகைதீன் இருப்பார். மரைக்காயர்மார் கப்பல் வச்சு ஓட்டினவங்க. நாகூர் கந்தூரிக்குக் கொடி இன்னைக்கும் கப்பல் மாதிரி ஜோடிச்ச ரதத்துலதான் வரும். எஜமான், அதான் நாகூர் ஆண்டவர், ஓட்டை விழுந்து மூழ்கப்போன கப்பலை இங்கேருந்தே கண்ணாடியை வீசி அடைச்சுக் காப்பாத்தினாங்கன்னு சொல்ற கதையைக் கேட்டுத்தான் நாங்க வளர்ந்தோம்.

அதனால ஒரு சந்தேகம். முகைதீன் பக்ஷ் ஆளா, கப்பலா? கப்பலுக்கே வலிமார், அதாவது இறைநேசர்கள் பேரை வைக்கிற வழக்கம் உண்டு. "முகைதீன் பக்ஷ்ங்கிற கப்பலோட மணி"ன்னு ஏன் எடுத்துக்கக் கூடாது? கடல்ல போற கப்பலுக்கு "முகைதீன் அருளியது"ன்னு பேர் வைக்கறதுல எவ்வளவு பயமும் நம்பிக்கையும் இருக்கு பாருங்க.

ஏட்டு வாத்தியார் | செவ்வாய், மதியம் 2:40

தம்பி, அருமையான கேள்வி. இலக்கணப்படி பார்த்தால் "உடைய" இரண்டு முறை வருகிறது. மணி கப்பலுக்கு உடையது, கப்பல் வக்குசுக்கு உடையது. அப்படியானால் ஆள்தான். கப்பலின் பெயர் என்றால் முதல் "உடைய" தேவையே இல்லை, "முகைதீன் வக்குசு கப்பல் உடைய மணி" போதும். ஆனால் நான் சற்று முன் சொன்னதேதான், இது பேச்சு வழக்கு. பேச்சில் நாம் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டா நடக்கிறோம்? எனக்கு ஆள் என்றே படுகிறது. உங்கள் வாசிப்பைத் தள்ளிவிட என்னிடம் ஆதாரம் இல்லை.

மீன்சுருட்டி | செவ்வாய், மாலை 4:02

நான் எப்பவும் படிச்சிட்டுப் போயிடுற ஆள். செம்புப்பானை எழுதினதைப் படிச்சிட்டு எங்க அம்மாவோட அண்டாவைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா பேரும் "1979"-ம் போட்டிருக்கு. இத்தனை வருஷம் அதுல தண்ணி பிடிச்சிருக்கேன், படிச்சதில்லை.

வல்வைக் காற்று | செவ்வாய், மாலை 6:30

நான் யாழ்ப்பாணம், வல்வெட்டித்துறை. எங்கட ஊர் ஆக்கள் கப்பல் கட்டி, தாங்களே ஓட்டின ஆக்கள். 'எங்கட மணி அவ்வளவு தூரம் எப்பிடிப் போச்சுது' எண்டு எல்லாரும் அதிசயப்படுறியள். எனக்குத் தூரம் அதிசயமாத் தெரியேல்ல.

எங்கட ஊரில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கி, பேரையும் மாத்தி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர். ஓட்டிக்கொண்டு போனது எங்கட ஊர்ப் பொடியள். 1938-ல மசாசுசெட்ஸில குளொஸ்ரர் துறைமுகத்தில போய் நிண்டது. என்ர அம்மம்மா அந்தக் கதையைத் தன்ர வீட்டில நடந்தமாதிரிச் சொல்லுவா. கடலில போனவன் வாற வரைக்கும் வாசல் விளக்கை அணைக்கமாட்டினமாம்.

அதாலதான் எனக்கு அந்த மணியைப் பாக்கச் சந்தோசத்தைவிட நெஞ்சுக்குள்ள ஒரு பாரம். கப்பல் மணி தனிய வராது. அதைத் தூக்கிக் கட்டினவன், நேரத்துக்கு அடிச்சவன் எண்டு ஆக்கள் இருந்திருப்பினம். நாகப்பட்டினத்திலயோ காயலிலயோ ஆரோ ஒரு பெம்பிளை எத்தின நாள் விளக்கு வைச்சிருந்தாளோ?

கடாரப்படை | செவ்வாய், இரவு 9:05

வல்வைக் காற்று எழுதினதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. வெலிங்டன்வாசி சொன்னதும் நியாயம்தான், ஒத்துக்கிறேன். முதல்ல போனது யாருங்கிற பேச்சை விட்டுடறேன்.

ஆனா வாத்தியார் ஐயா, ஒரு கேள்வி மட்டும் போக மாட்டேங்குது. மரத்தோட வேருக்கடியில இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. பெரிய மரம். மணி மேல மரம் வளர எவ்வளவு காலம் ஆகும்? வெள்ளைக்காரங்க வந்தப்புறம் வந்த மணின்னா அதுக்குள்ள அவ்வளவு பெரிய மரம் எப்படி?

புதுச்சேரி வாசகர் | செவ்வாய், இரவு 10:22

மரத்தைப் பற்றி: அந்த மரம் என்ன வகை, எவ்வளவு பருமன் என்று தெரியாமல் அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. யாராவது வேரடியில் குழி தோண்டிப் புதைத்தும் வைத்திருக்கலாம். உலோகம் கிடைக்காத ஊரில் அது பெரும் சொத்து. உருளைக்கிழங்கே ஐரோப்பியர் வழியாகத்தான் அங்கே போனது. ஆக அந்தச் சமையல் நடந்தது குக் வந்த பிறகுதான். மணி வந்து சேர்ந்தது எப்போது என்பது வேறு கேள்வி.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த இழையைப் படித்துவிட்டு நானும் தேடத் தொடங்கினேன். எங்கள் ஊரிலிருந்தே ஒரு நூலிழை அங்கே போகிறது! 1769 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 'சென் ழான் பத்தீஸ்த்' என்ற பிரெஞ்சுக் கப்பல் கிளம்பியது. தலைவர் பெயர் தெ சுர்வீல். அதில் லஸ்கர்கள், அதாவது இந்தியக் கடலோடிகள், நிறையப் பேர் இருந்தார்கள். நியூசிலாந்தில் கால் வைத்த முதல் இந்தியர்கள் அந்தக் கப்பலில் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நாட்டு வரலாற்றிலேயே எழுதுகிறார்கள். அது போய் நின்ற இடம் வடக்குத் தீவின் வடகோடி, டவுட்லெஸ் விரிகுடா. டிசம்பர் 1769. அதே நாட்களில் குக்கின் கப்பலும் அதே முனையைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

கப்பலில் இருந்தவர்கள் ஸ்கர்வி நோயில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மாவோரிகள் கரையில் கீரையும் மீனும் கொடுத்துத் தேற்றினார்கள். பிறகு ஒரு சிறு படகு காணாமல் போனதற்காகத் தெ சுர்வீல் குடிசைகளைக் கொளுத்திவிட்டு, ரங்கினுயி என்ற தலைவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். ரங்கினுயி வழியிலேயே கடலில் இறந்துபோனார். என் ஊரிலிருந்து போன கப்பல் இப்படிச் செய்தது என்று படிக்க நெஞ்சு வலித்தது.

அந்த விரிகுடாவில் புயலில் அந்தக் கப்பல் நங்கூரங்களை இழந்தது. 1974-ல் முக்குளித்துக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று தே பாப்பாவில் இருக்கிறது. அதாவது இந்த மணி இருக்கிற அதே அருங்காட்சியகத்தில், புதுச்சேரியிலிருந்து போன ஒரு நங்கூரமும் இருக்கிறது. மணி அந்தக் கப்பலில் போனது என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் சோழமண்டலக் கரையின் ஆட்கள் அந்தக் கரைக்குப் போனார்கள் என்பதற்கு ஆண்டு, மாதத்தோடு சான்று இருக்கிறது.

வெலிங்டன்வாசி | புதன், காலை 5:40

அந்த நங்கூரத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் தெரியும். தெரியாமல் கடந்து போயிருக்கிறேன்.

செம்புப்பானை கேட்ட கேள்வியை நேற்று என்னோடு வேலை செய்கிற ஒரு மாவோரி அம்மாவிடம் கேட்டேன், அந்தப் பெண்கள் எழுத்தை என்னவென்று நினைத்திருப்பார்கள் என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கள் ஆட்கள் மரத்திலும் உடம்பிலும் கோடு செதுக்குகிறவர்கள். ஒரு கோடு சும்மா இருக்காது, யாரோ ஒருவரைச் சொல்கிறது என்று தெரிந்தவர்கள். இதுவும் யாரையோ சொல்கிறது என்று கட்டாயம் புரிந்திருக்கும்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அவர்களிடம் மண்பானையும் கிடையாது, உலோகமும் கிடையாது. குழி வெட்டிக் கல்லைச் சுடவைத்து மூடித்தான் சமையல். அப்படி இருந்த வீட்டில் நெருப்பின் மேலேயே தண்ணீர் கொதிக்கிற பாத்திரம் ஒன்று வந்தால் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருப்பார்கள்! "கிழங்கு வேகவைத்தார்கள் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். அந்த வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கும்" என்றார்.

எனக்கு அதைக் கேட்டபோது வெட்கமாகவும் நிறைவாகவும் இருந்தது.

ஏட்டு வாத்தியார் | புதன், காலை 9:15

அந்த அம்மையாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கடல் தாண்டிக் கிடைத்த தமிழ் எழுத்துகள் எத்தனையோ. இலங்கையில் காலி என்ற ஊரில் கிடைத்த மும்மொழிக் கல், 1409-ஆம் ஆண்டு, சீனமும் தமிழும் பாரசீகமும். சீனத்துச் சுவான்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சுமத்திராவின் பாருசில் 1088. எல்லாம் கொடையும் வணிகமும் பேசும் கற்கள். அவற்றையெல்லாம் மதிக்கிறேன்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது தாய்லாந்தில் குவான் லுக் பத் என்ற இடத்தில் கிடைத்த ஒரு சின்னக் கல். பொன் உரசிப் பார்க்கிற உரைகல். தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று எழுதியிருக்கிறது. பெரும்பதன் என்ற தட்டான் தன் கல் தொலைந்துவிடக் கூடாது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறான். கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டு. அதுவும் இந்த மணியும் ஒரே வாக்கியம்தான் பேசுகின்றன: இது இன்னாருடையது. மன்னனும் இல்லை, மெய்க்கீர்த்தியும் இல்லை. செம்புப்பானையின் அப்பா மடியில் குடத்தை வைத்துக்கொண்டு வெட்டியதும் இதைத்தான்.

செம்புப்பானை | புதன், இரவு 9:50

வாத்தியார் ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது, கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. மணியின் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முதலில் கேட்டது, "இவ்வளவு நாள் நெருப்பில் வைத்தும் எழுத்து தேயலையா?" என்று. அப்புறம், "நல்ல வெண்கலம், தகரம் சரியாகச் சேர்த்திருக்கிறான், அதான் உடைந்திருக்கிறது, ஆனால் மழுங்கவில்லை" என்றார். தகரம் கூடினால் நாதம் வரும், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்று விளக்கினார்.

மாவோரி அம்மா சொன்னதையும் சொன்னேன். "பின்னே? பாத்திரத்தோட அருமை சமைக்கிறவங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

அதன் பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பரணிலிருந்து உளிப் பெட்டியை எடுக்கச் சொன்னார். பழைய பித்தளைத் தட்டு ஒன்றைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். கை நடுங்குகிறது, ஆனால் உளி தட்டில் பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. "முகைய்யதீன் வக்குசு" வரைக்கும் அரை மணி நேரம் ஆனது.

"கபல்" வந்ததும் நான், "அப்பா, ஒரு ப் விட்டுப்போயிருக்கு, சேர்த்துடுங்க" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சீட்டில் எப்படி எழுதிக் கொடுத்தார்களோ அப்படித்தான் வெட்டணும்" என்று சொல்லிவிட்டு, ஒற்றைப் 'ப'வோடு 'ல்'லுக்குப் போய்விட்டார்.

நாகூர்த் தம்பி | புதன், இரவு 10:04

அக்கா, தட்டைப் படம் எடுத்துப் போடுங்க. எங்க உம்மாகிட்ட காட்டணும்.